இலவச அட்டையில் ஒரு கூடம்: அமெரிக்க விளம்பர அட்டைகளும் மேலேறும் ஆசையும்



அச்சு வரலாறு என்றாலே நாம் நூல்களையும் இதழ்களையும்தான் பெரும்பாலும் பேசுகிறோம். இன்று நான் பேச வந்திருப்பது உள்ளங்கையில் அடங்கிவிடும் விளம்பர அட்டையைப் பற்றி. 1870-களின் நடுவிலிருந்து 1890-கள் வரை, அமெரிக்காவில் மளிகைக் கடைக்குப் போனவர்கள் காப்பிக்கொட்டையோடும் சோப்போடும் நூல்கண்டோடும் இந்த அட்டையையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். காசு கிடையாது. முன்பக்கம் பளபளக்கும் வண்ணப்படம். பின்பக்கம் கறுப்பு மையில் சரக்கின் அருமை பெருமை. சரக்கு தீர்ந்துபோகும். அட்டையைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வரவில்லை. லட்சக்கணக்கில் அவை இன்றுவரை தப்பிப் பிழைத்திருப்பதற்குக் காரணம் அந்த மனம்தான்.

எறிய மனம் வராததற்கு முதற்காரணம் வண்ணம். 1870 வாக்கில் ஒரு நெசவாலைத் தொழிலாளியின் வீட்டிலோ சிறு விவசாயியின் வீட்டிலோ வண்ணப்படம் என்று ஒன்று இருப்பதே அபூர்வம். எண்ணெய் ஓவியம் பணக்காரர் வீட்டுச் சொத்து. அந்த நிலையை மாற்றியது கல்லச்சு. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லை மழமழவென்று தேய்த்து, அதன்மேல் எண்ணெய்ப்பசை உள்ள மையால் வரைந்து, பிறகு கல்லை நனைப்பார்கள். ஈரம் பட்ட இடம் அச்சுமையை ஏற்காது. வரைந்த கோடு மட்டும் ஏற்கும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த முறை இது. வண்ணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாள் திரும்பத் திரும்ப எந்திரத்துக்குள் போய்வரும். ஒவ்வொரு முறையும் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் உட்கார வேண்டும்.

இப்படி அச்சான ஓர் அட்டையில் ஒரு குழந்தையின் கன்னத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு இளஞ்சிவப்பாகத் தெரிந்த இடம் செம்புள்ளி, மஞ்சள் புள்ளி, சாம்பல் புள்ளி என்று சிதறிவிடும். அந்தப் புள்ளிகளை எந்த எந்திரமும் இடவில்லை. கல்லின்மேல் குனிந்து, இடவலம் மாற்றி, ஒரு மனிதர் ஒவ்வொன்றாக வைத்தார். அட்டையின் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அந்த மனிதரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இலவசமாகக் கொடுக்கப்போகிற ஒரு சோப்பு விளம்பரத்துக்கு இத்தனை கைவேலையா என்று எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இந்தக் கலையை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் லூயி ப்ராங். ப்ரெஸ்லாவில் பிறந்து, 1850-ல் அமெரிக்காவுக்கு வந்து, பாஸ்டனில் அச்சகம் நடத்தியவர். எண்ணெய் ஓவியங்களை வண்ணக் கல்லச்சில் படியெடுத்துச் சில டாலருக்கு விற்றார். ‘க்ரோமோ’ என்று அவற்றுக்குப் பெயர். அடிமைமுறைக்கு எதிராக எழுதிப் புகழ்பெற்ற ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் அவருடைய அக்காள் கேத்தரின் பீச்சரும் 1869-ல் இல்லத்தரசிகளுக்காக ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார்கள். கூடத்துச் சுவரில் மாட்ட எந்தெந்த க்ரோமோ வாங்கலாம், விலை என்ன என்பதுவரை அதில் எழுதியிருந்தார்கள். படம் மாட்டிய சுவர் பிள்ளைகளைப் பண்படுத்தும் என்பது அவர்கள் நம்பிக்கை. இதற்கு எதிர்க்குரலும் வந்தது. 1874-ல் ‘நேஷன்’ இதழின் ஆசிரியர் காட்கின், எளிதில் கிடைக்கும் அரைகுறைப் பண்பாட்டைச் சாடி, அதற்கு ‘க்ரோமோ நாகரிகம்’ என்று பெயர் சூட்டினார். தாங்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்ததை இன்னொருவர் சில டாலருக்கு வாங்கி மாட்டுகிறாரே என்ற எரிச்சல் அதில் இருந்தது. நான் காட்கின் பக்கம் இல்லை. சுவரில் ஒரு படம் வேண்டும் என்று ஓர் ஏழைக் குடும்பம் ஆசைப்படுவதில் இழிவு எதுவும் இல்லை.

1876-ல் நாட்டின் நூற்றாண்டு விழாவை ஒட்டி ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாபெரும் பொருட்காட்சி நடந்தது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்து போனார்கள். கடை விரித்த நிறுவனங்கள் வண்ண அட்டைகளை வாரி வழங்கின. அந்தப் பழக்கம் நாடெங்கும் பரவியது. பெரிய நிறுவனங்கள் தமக்கென்று தனிப்படம் வரையச் சொல்லின. சின்ன ஊர்க் கடைக்காரருக்கு அவ்வளவு வசதி ஏது? அவருக்காக அச்சகங்கள் பூங்கொத்து, பூனைக்குட்டி, சிறகு முளைத்த குழந்தை, பனிபடர்ந்த கிராமம் என்று பொதுப்படங்களை அச்சிட்டு, ஒரு மூலையை வெற்றாக விட்டு, கட்டுக்கட்டாக விற்றன. உள்ளூர் அச்சகத்தில் கொடுத்து அந்த மூலையில் தன் பெயரையும் தெருவையும் அச்சடித்துக்கொள்வார் அவர். செருப்புக்கும் தேவதைக்கும் என்ன தொடர்பு என்று நாம் கேட்கலாம். அவருக்கு வேண்டியது தன் பெயர் வண்ணத்துக்குப் பக்கத்தில் நிற்பது. ஆசை வாடிக்கையாளருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

அந்த அட்டைகளில் திரும்பத் திரும்ப வரும் இடம் வீட்டுக் கூடம். வெர்மான்ட் மாநிலத்தின் பிராட்டில்பரோவில் இருந்த எஸ்டி நிறுவனம் வீட்டு ஆர்கன்கள் செய்தது. அதன் அட்டைகளில் ஒருத்தி வாத்தியத்தின் முன் அமர்ந்து வாசிக்க, குடும்பம் சூழ்ந்து நிற்கும். சிலவற்றில் நிறுவனத்தின் தொழிற்சாலையே காட்சி தரும். ஆர்கன் வாங்குபவர் மரப்பெட்டியையும் துருத்தியையும் மட்டுமா வாங்கினார்? மாலையில் ஒன்றுகூட நேரம் இருக்கிற, மகளுக்குச் சங்கீதம் சொல்லிவைக்க வழி இருக்கிற ஒரு குடும்பமாகத் தம்மைப் பார்க்க விரும்பினார். அந்தக் காலத்து அட்டைகள் பலவற்றில் தொழிற்சாலைப் புகைபோக்கிகள் வானளாவப் புகை கக்கும். நமக்கு அது மூச்சு முட்டும் காட்சி. அன்றைக்கு வேலை, கூலி, முன்னேற்றம் எல்லாவற்றுக்கும் அதுவே அடையாளம்.

தையல் எந்திரம், அடுப்பு, துணி பிழியும் எந்திரம் ஆகியவற்றின் அட்டைகளில் வரும் பெண்களைக் கவனியுங்கள். பலருக்கு இடுப்பு இறுக்கிய பட்டு உடை, குலையாத கொண்டை, ஈரம் படாத கை. துவைப்பது அமெரிக்கப் பெண்ணின் வாரத்தில் மிகக் கொடிய வேலையாக இருந்த காலம் அது. தண்ணீர் சுமந்து, காய்ச்சி, தேய்த்து, பிழிந்து, கஞ்சி போட்டு முடிக்க ஒரு முழு நாள் போகும். அட்டை அந்த நாளையே அழித்துவிட்டது. கையில் காசு சேருமுன்பே அந்தப் பெண்ணாக மாறவும் ஒரு வழி வந்திருந்தது: சிங்கர் நிறுவனம் 1850-களிலேயே தையல் எந்திரத்தைத் தவணைக்கு விற்கத் தொடங்கியிருந்தது.

குறியீடுகள் காலத்தோடு மாறின. 1882-ல் ஆஸ்கர் வைல்டு அமெரிக்கா முழுதும் சுற்றி அழகியல் பற்றிச் சொற்பொழிவாற்றினார். உடனே சூரியகாந்தியும் லில்லியும் அட்டைகளில் பூத்துக் குலுங்கின. வைல்டின் உருவமே முகப்பூச்சு மருந்துக்கு விளம்பரமானது. ஜப்பானிய விசிறியும் மூங்கிலும் கூடவே வந்தன. ஓர் அட்டையில் சூரியகாந்தி இருந்தால், இந்த வீட்டார் நகரத்து நாகரிகம் அறிந்தவர்கள் என்று பொருள். புகழ்பெற்ற முகங்களும் அட்டையேறின. 1886-ல் வெள்ளை மாளிகையிலேயே ஜனாதிபதி கிளீவ்லண்டை மணந்த ஃபிரான்சிஸ் ஃபோல்சமுக்கு வயது 21. அவர் முகத்தைப் பயன்படுத்த யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. ஆளாளுக்கு எடுத்துத் தங்கள் சரக்கின்மேல் அச்சிட்டார்கள். இதைத் தடுக்க 1888-ல் காங்கிரசில் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை.

லிடியா பிங்கமின் முகம் வேறு வகை. மாசசூசெட்ஸில் லின் என்ற ஊரில், 1875-ல், குடும்பம் நொடித்துப்போன நேரத்தில், பெண்களின் உபாதைகளுக்கு ஒரு மூலிகை மருந்து காய்ச்சி விற்கத் தொடங்கிய குடும்பத்தலைவி அவர். 1879-லிருந்து அவர் முகமே விளம்பரம். கழுத்தில் லேஸ் பட்டையோடு, அழைத்தால் வந்து உட்கார்ந்து ஆறுதல் சொல்லும் பாட்டியின் முகம். 1883-ல் ப்ரூக்ளின் பாலம் திறந்தபோது, பாலத்தின் குறுக்கே அவர் மருந்தின் பெயர் எழுதிய பதாகை தொங்குவது போல ஓர் அட்டை வந்தது. உண்மையில் அப்படி எதுவும் தொங்கவில்லை. கீழே கப்பல்கள், மேலே உலகமே வியந்த பாலம், நடுவில் ஒரு வீட்டுப் பெண்ணின் பெயர். ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசிய நோயைப் பெண்கள் அவருக்குக் கடிதமாக எழுதினார்கள். அந்த மருந்தில் சுமார் 18 சதவீதம் மதுச்சாரம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்த அட்டையை ஏமாற்று என்று மட்டும் சொல்லித் தள்ள என்னால் முடியவில்லை. தங்கள் வலியை ஒருவர் காதுகொடுத்துக் கேட்கமாட்டாரா என்ற தவிப்பு உண்மையானது.

இதுவரை சொன்னதெல்லாம் ஏறுகிறவர்களின் கதை. இந்தப் பேச்சுக்கு நான் ஒப்புக்கொண்டதே இனிச் சொல்லப்போவதற்காகத்தான். அந்த அட்டைகளின் ஏணியில் மனிதர்களே படிகளாக வரையப்பட்டிருக்கிறார்கள்.

1870-ல் லூயி ப்ராங் ஒரு படம் வெளியிட்டார். மிசிசிப்பியிலிருந்து செனட்டுக்கு வந்த முதல் கறுப்பின உறுப்பினர் ஹைரம் ரெவல்ஸின் உருவப்படம். தியடோர் காஃப்மன் வரைந்தது. அதைப் பார்த்த ஃபிரெடரிக் டக்ளஸ் நெகிழ்ந்து கடிதம் எழுதினார். கறுப்பர்களைக் குரங்காகவே வரைந்துகொண்டிருந்த நாட்டில், ஒரு கறுப்பரை மனிதராக, கண்ணியமாகக் காட்டும் படம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தார். அடிமைத்தனத்தில் சுவரில் படம் மாட்டும் ஆசை எழ இடமில்லை, விடுதலையோடுதான் அது வரும், இனி எங்கள் வீட்டுச் சுவர்களிலும் படங்கள் தொங்கும் என்ற பொருளில் அவர் எழுதினார். அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, பெரும்பாலும் தானே எழுதப் படிக்கக் கற்ற ஒருவர், பீச்சர் சகோதரிகள் சொன்ன அதே கூடத்தைத் தம் மக்களுக்காகக் கேட்கிறார். இந்தக் கடிதத்தை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. ஏனென்றால் அடுத்து என்ன வந்தது என்று நமக்குத் தெரியும்.

1877-ல் தென்மாநிலங்களில் கறுப்பர்களுக்குக் காவலாக நின்ற ராணுவம் விலக்கப்பட்டது. 1883-ல், பொது இடங்களில் சம உரிமை தந்த 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. விளம்பர அட்டைகள் கொடிகட்டிப் பறந்ததும் இதே ஆண்டுகளில்தான். ஜே. அண்டு பி. கோட்ஸ் நிறுவனத்தின் கறுப்பு நூலுக்கு ஓர் அட்டை: பெரிய நூல்கண்டின்மேல் ஒரு கறுப்புச் சிறுவன், தலைக்கு மேல் சுட்டெரிக்கும் சூரியன். நாங்கள் ஒருநாளும் வெளுக்கமாட்டோம் என்பது வாசகம். அவன் தோலே நூலின் சாயத்துக்கு உத்தரவாதம். அட்டைக்கு அட்டை உதடு தடித்து, கண் பிதுங்கி, துணி கிழிந்து, ஏதோ ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு நிற்பார்கள் கறுப்பர்கள். பியர்ஸ் சோப்பு 1880-களில் வெளியிட்ட பிரிட்டிஷ் விளம்பரம் இன்னும் துணிந்தது. முதல் படத்தில் தொட்டிக்குள் கறுப்புக் குழந்தை; அடுத்த படத்தில் சோப்பு பட்ட உடம்பெல்லாம் வெளுத்து, முகம் மட்டும் கறுப்பாக எஞ்சியிருக்கிறது.

1886-ல் வந்த ‘மேஜிக் வாஷர்’ அட்டையைச் சற்று நின்று பார்ப்போம். இல்லினாய் மாநிலத்தின் டிக்சன் ஊர்ச் சலவைச் சரக்கு அது. படத்தில் அமெரிக்க நாட்டின் உருவகமான அங்கிள் சாம். ஒரு கையில் அறிக்கைத்தாள், மறு கையில் சரக்கு டப்பா, பூட்சுக் கால் ஒரு சீனரை எட்டி உதைக்கிறது. சீனர்கள் வெளியேற வேண்டும் என்பது வாசகம். 1877-லிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வீதிகளில் டெனிஸ் கியர்னியின் கட்சி முழங்கிய கோஷம் அது. 1882-ல் சீனத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டமாகவே ஆகிவிட்டது. பல ஊர்களில் சீனர்களுக்குக் கிடைத்த பிழைப்பே சலவைத் தொழில். ஊரார் அழுக்கை வெளுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவரை உதைத்து அனுப்பிவிட்டு அந்த இடத்தில் டப்பாவை வைக்கிறது படம். இதை வரைந்த கையும் குழந்தையின் கன்னத்துக்குப் புள்ளி வைத்த கையும் ஒரே தொழிலில் தேர்ந்த கைகள். கோடு அவ்வளவு நயம், மஞ்சள் அவ்வளவு ஒளி. அந்த அழகைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த புதுக்குடும்பத்துக்குத் தன் நிலை உறுதியானதுதானா என்று தெரியாது. தவணை பாக்கி இருக்கிறது. அடுத்த மாதம் ஆலை மூடலாம். அட்டையில் கேலிக்குள்ளானவர்கள் நாம் இல்லை என்பது ஒன்றே அவர்களுக்குக் கையில் பிடிக்கக் கிடைத்த உறுதி. அட்டை அதைச் சிரிப்போடு, இலவசமாக, பிள்ளைகளின் கையிலேயே கொடுத்தது.

பிள்ளைகளின் கை என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்கப் பள்ளிகளிலும் ஞாயிறு மறைப்பள்ளிகளிலும் நன்னடத்தைக்கும் மனப்பாடத்துக்கும் பரிசாகச் சின்ன அச்சுச் சீட்டு கொடுப்பது பழைய வழக்கம். 1876-ல் வந்த ‘டாம் சாயர்’ நாவலில் டாம் அந்தச் சீட்டுகளைப் பண்டமாற்றில் சேர்த்து, வசனம் ஒன்றும் படிக்காமலே பைபிள் பரிசு வாங்கப் போவதைப் படித்திருப்பீர்கள். பரிசுச் சீட்டுக்குப் பழகிய கைக்குக் கடைக்காரர் நீட்டிய அட்டையும் பரிசாகவே பட்டது. அம்மாவும் பிள்ளைகளும் அவற்றை ஆல்பங்களில் ஒட்டினார்கள். டாம் சாயரை எழுதிய மார்க் ட்வெய்ன் 1873-ல் பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஒட்டுப்புத்தகத்துக்குக் காப்புரிமையே வாங்கியிருந்தார். சில ஆல்பங்களில் நிறுவனத்தின் பெயரைக் கத்தரித்து எறிந்துவிட்டுப் பூவையும் குழந்தையையும் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். விற்க வந்தவனிடமிருந்து படத்தை மீட்டுக்கொண்ட அந்தக் கத்தரிக்கோல்களை எனக்குப் பிடித்திருக்கிறது. அதே பக்கத்தில், ரோஜாவுக்கும் பூனைக்குட்டிக்கும் நடுவே, கேலிக்குள்ளான கறுப்புச் சிறுவனையும் அவை நறுக்கென்று வெட்டி ஒட்டியிருக்கின்றன. ஒரு குழந்தைக்கு உலகம் அந்த வரிசையில்தான் அறிமுகமானது.

1890-களில் இதழ்களின் விலை இறங்கியது. 1893-ல் ‘மன்சீஸ்’ பத்து சென்ட்டுக்கு விற்றது. விளம்பரப் பணம் அந்தப் பக்கம் திரும்பியது. அட்டை மெல்ல ஒதுங்கியது. காப்பிப் பொட்டலத்துக்குள் வரிசை வரிசையாகப் படம் போட்ட ஆர்பக்கிள் போன்ற சிலரே தொடர்ந்தார்கள்.

நம் பக்கம் வந்தது இதன் இன்னொரு கிளை. மான்செஸ்டர் துணியின்மேல் ஒட்டிவந்த வண்ணச் சீட்டுகளில் தெய்வங்களும் யானைகளும் அரசர்களும் இருந்தார்கள்; எழுத்தறியாதவரும் படத்தைக் காட்டித் துணி கேட்டார்கள். 1892-ல் சிங்கர் நிறுவனம் அச்சிட்டுச் சிகாகோ பொருட்காட்சியில் கொடுத்த பல நாட்டு அட்டை வரிசையில், தத்தம் உடையில் தையல் எந்திரத்தோடு நிற்பவர்களுள் இந்தியர்களும் இலங்கையரும் உண்டு. வெளுத்த தோலை ஏறுமுகமாகக் காட்டும் வழக்கமும் நமக்கு அந்நியமாக இருக்கவில்லை. 1975-ல் ‘ஃபேர் அண்டு லவ்லி’ முகப்பூச்சு வந்தது. கறுத்த முகம் படிப்படியாக வெளுத்துவரும் முகவரிசையை நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பல பத்தாண்டுகள் பார்த்தே வளர்ந்தார்கள். 2020-ல்தான் பெயர் மாறியது. பியர்ஸின் தொட்டியிலிருந்து அந்த முகவரிசைக்கு எவ்வளவு தூரம் என்று மாணவர்கள் யாராவது ஆய்வு செய்ய முன்வந்தால் மகிழ்வேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஸ்மித்சோனியனின் வார்ஷா தொகுப்பிலும், நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் உள்ள பெல்லா லாண்டவரின் தொகுப்பிலும் இந்த அட்டைகள் பேணப்படுகின்றன. சந்தையில் நடப்பது வேறு. பழைய ஆல்பம் கிடைத்தால் வியாபாரிகள் நீரில் ஊறவைத்து அட்டைகளைப் பிரித்து, தனித்தனியே விலைபோட்டு விற்றுவிடுகிறார்கள். அதோடு, எந்தத் தாய் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தாள் என்ற செய்தி அழிந்துபோகிறது. நம்மூரில் தீப்பெட்டிச் சீட்டும் காலண்டர் படமும் சேர்ப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: ஒட்டியது ஒட்டியபடி இருக்கட்டும். பக்கத்தை முழுதாகப் படமெடுங்கள். பார்க்க முடிந்த இடத்தில் பின்பக்கத்தையும் எடுங்கள். கேலிப்படங்களைக் கூச்சப்பட்டு ஒளிக்கவும் வேண்டாம், பழைய அழகு என்று பூசி மெழுகி மாட்டவும் வேண்டாம். ஒரு காட்சிக்கூடத்துக்கு நான் பொறுப்பாக இருந்தால், ப்ராங் அச்சிட்ட ரெவல்ஸின் உருவப்படத்தையும் மேஜிக் வாஷர் அட்டையையும் ஒரே பெட்டிக்குள், ஆண்டைக் குறித்து, பக்கத்துப் பக்கத்தில் வைப்பேன். டக்ளஸின் கடிதத்தையும் அருகில் வைப்பேன்.